சிலைக்கும் இலக்கணம் உண்டு

தமிழ்ப்பள்ளியில் ஒரு மாணவன் ‘மரம்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘மறம்’ என்று எழுதிவிட்டால், ஆசிரியரின் சிவப்பு மை உடனே அங்கே பாய்கிறது. மாறியது ஓர் எழுத்து. பொருளோ முழுவதும் மாறிற்று. நிழல் தந்து நின்ற ஒன்று போர்க்களத்து வீரமாகிவிட்டது. அப்பிழையைத் திருத்தாமல் விட்டால் அது ஆசிரியரின் குற்றம் என்று பெற்றோரும் சொல்வர். அதே பெற்றோர், தாம் பொறுப்பில் அமர்ந்திருக்கும் கோயிலில் ஒரு தெய்வத்தின் கை அரிவாள் திரிசூலமாக மாறும்போது வாய் திறப்பதில்லை. முறுக்கு மீசை மழிக்கப்பட்டு, சடைமுடி சூட்டப்பட்டு, எல்லையைக் காத்து நின்ற காவலன் ஒருவன் கயிலைநாதனாக்கப்படும்போது கைகூப்பி நிற்கின்றனர். எழுத்துப் பிழையைப் பொறுக்காத சமுதாயம் உருவப் பிழையை மட்டும் எப்படிப் பொறுக்கிறது? உருவமும் ஓர் எழுத்தே என்பதை அது மறந்துவிட்டது.

இந்த மறதி இன்று கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கின் ஏனைய ஊர்களிலும் ‘திருப்பணி’ என்னும் நல்ல பெயரோடு உலவுகிறது. திருப்பணிக் குழுக்களில் இரு சாராரைக் காணலாம். சிலை பெரிதாக இருக்க வேண்டும், வண்ணம் கண்ணைப் பறிக்க வேண்டும், அடுத்த ஊர்க் கோயிலை விஞ்ச வேண்டும் என்பார் ஒரு சாரார். ஆகமத்தில் சொல்லப்படாத உருவங்கள் யாவும் அறியாமையின் எச்சங்கள், அவற்றை அகற்றித் ‘தூய’ வடிவங்களை வைக்க வேண்டும் என்பார் மற்றொரு சாரார். எதிரெதிர்த் திசையில் நிற்பவர்போல் தோன்றினாலும் இவ்விருவரும் செய்யும் குற்றம் ஒன்றுதான். இருவரும் படிக்காமலேயே அழித்து எழுதுகின்றனர்.

கல்லில் எழுதிய இலக்கணம்

தமிழகத்துச் சிற்பிக்கு உளி மட்டும் கருவியன்று, நூலும் கருவியாகும். மயமதம், மானசாரம், காசியபம் முதலிய சிற்ப நூல்களும், காமிகம், காரணம் முதலிய ஆகமங்களும் அவனுக்கு எழுத்ததிகாரமும் சொல்லதிகாரமுமாய் அமைந்தன. முகத்தின் நீளத்தை அடிப்படையாகக் கொண்ட ‘தாளம்’ என்னும் அளவால் உருவங்களை அவன் வகுத்தான். சிவன், திருமால் முதலிய பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாளம். உச்சி முதல் உள்ளங்கால் வரை 124 கூறுகள். தேவியருக்கு மத்திம தசதாளம், 120 கூறுகள். பிள்ளையாருக்கோ பஞ்சதாளம், ஐந்தே முகநீளத்தில் அக்குறுகிய, குழந்தைமை ததும்பும் உடல் அமைந்துவிடுகிறது. அடுத்த வீட்டுக் குழந்தையைப்போல் பிள்ளையாரைத் தமிழர் உரிமையோடு அணுகுவதற்கு அவ்வளவும் ஒரு காரணம் என்றால் அது மிகையன்று.

அளவு எழுத்தென்றால் முத்திரையும் ஆயுதமும் சொற்களாகும். கூத்தப்பெருமானின் துடி படைப்பைச் சொல்கிறது. அமைந்த கை காத்தலைச் சொல்கிறது. ஏந்திய தீ அழித்தலைச் சொல்கிறது. ஊன்றிய திருவடி மறைத்தலையும் தூக்கிய திருவடி அருளலையும் சொல்கின்றன. மெய்கண்ட சாத்திரங்களுள் ஒன்றான மனவாசகம் கடந்தாரின் உண்மை விளக்கம் இதைத் தமிழிலேயே தெளிவாக்கிற்று. கொழும்பிலே பிறந்து, யாழ்ப்பாணத் தமிழ்க் குடியின் வழிவந்த ஆனந்த குமாரசாமி 1918இல் வெளியான ‘சிவ நடனம்’ என்னும் ஆங்கில நூலில் அதை எடுத்துரைத்த பிறகு மேலைநாட்டார் அவ்வுருவத்தின்முன் வியந்து நின்றனர். பிறர் படித்துத் திகைத்த ஏட்டை அதற்குரிய பிள்ளைகள் படிக்கத் தெரியாமல் கிடத்தலினும் வறுமை வேறுண்டோ?

வண்ணத்திலும் இலக்கணம் உண்டு. திருமால் கார்மேக நிறத்தவன், சிவபெருமான் செம்மேனியன். அப்பரடிகள் அம்மேனியைப் பவளத்துக்கு ஒப்பிட்டுப் பாடினார். ஆனால் இன்று வீட்டுச் சுவரிலும் கோயில் சுவரிலும் காணப்படும் சிவபெருமான் பெரும்பாலும் இளநீல நிறத்தவர். மலேசிய இந்து சங்கம் நடத்தும் திருமுறை ஓதும் விழாவிலே பிள்ளைகள் பண் பிசகாமல் பவளமேனியைப் பாடிப் பரிசு பெறுகின்றனர். வீடு திரும்பி நீலமேனியின்முன் விழுந்து வணங்குகின்றனர். வாய் ஒன்றைச் சொல்லக் கண் வேறொன்றைக் காண்கிறது. எந்தப் பிள்ளையும் ‘ஏன்?’ என்று கேட்பதில்லை. செவிக்குக் கற்பித்த சமுதாயம் கண்ணுக்குக் கற்பிக்கவில்லை.

இந்நிலைக்கு நாட்காட்டிப் படங்களின்மேல் மட்டும் பழியைப் போடுவது முறையன்று. இரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் நிறுவியதால், கோயிலுக்குள் நுழைய முடியாதவர் வீட்டிலும் தெய்வத்தின் திருவுருவம் குடியேறிற்று. கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு (1898–1976) வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்களின் வழியே கடல் கடந்தும் சென்றன. அவர்கள் கலைஞர்கள், தாளில் வரைய வேண்டியதைத் தாளில் வரைந்தனர். ஒரு நாட்காட்டியைக் கிழித்துச் சிற்பியின் கையில் கொடுத்து ‘இதைப்போல் செய்து தா’ என்று கேட்கும் குழுவினரே குற்றவாளிகள். நூல் கற்ற சிற்பியைப் படியெடுப்பவனாகத் தாழ்த்துகின்ற அந்தக் கணத்திலேயே, பல தலைமுறை கண்ட இலக்கணம் முறிந்துவிடுகிறது.

உயரமும் உயர்வும்

பத்துமலையின் வரலாறு இங்கே எண்ணத் தக்கது. கோலாலம்பூர்த் தமிழர் தலைவராய் விளங்கிய தம்புசாமிப் பிள்ளையை அக்குகை வாயிலின் வேல் போன்ற வடிவமே ஈர்த்தது என்று வழங்கும் செய்தி யாவரும் அறிந்தது. 1892 முதல் அங்கே தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. இயற்கையே வரைந்த ஒரு வேலைக் கண்டு, ‘இங்கே முருகன் இருக்கிறான்’ என்று படித்துக்கொள்ள அக்காலத்துத் தமிழனுக்குத் தெரிந்திருந்தது. அதுவே உருவ இலக்கணம் அறிந்த கண்.

அந்த மலையடியில் 2006ஆம் ஆண்டு சனவரியில் 42.7 மீட்டர் உயர முருகன் சிலை திறக்கப்பட்டது. 1,550 கன மீட்டர் காங்கிரீட்டும், 250 டன் எஃகும், தாய்லாந்திலிருந்து வந்த 300 லிட்டர் பொன்வண்ணமும் அதற்குச் செலவாயின. திருவாரூர்ச் சிற்பியின் கைத்திறனை எவரும் குறை சொல்லார். ஆயினும் அச்சிலையைப் பற்றி ஊர் எதைப் பேசுகிறது? அடிக்கணக்கைப் பேசுகிறது, ‘உலகிலேயே உயரமானது’ என்று பேசியது. அந்தப் பேச்சும் நிலைக்கவில்லை. சேலம் மாவட்டம் முத்துமலையில் அதே சிற்பியின் கைவண்ணத்தில் எழுந்த 146 அடி முருகனுக்கு 2022 ஏப்ரலில் குடமுழுக்கு நடந்தது. முதலிடம் அங்கே போயிற்று. உயரத்தால் வந்த பெருமை, இன்னோர் ஊரார் ஆறடி கூட்டியதும் போய்விடுகிறது.

கன்னியாகுமரிக் கடலில் 2000ஆம் ஆண்டின் முதல் நாளில் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையும் உயரமானதே. ஆனால் கணபதி ஸ்தபதி அமைத்த அந்த 133 அடிக்கு 133 அதிகாரங்கள் பொருளாயின. 38 அடிப் பீடம் அறத்துப்பாலின் 38 அதிகாரங்கள். மேல்நின்ற 95 அடி பொருளும் இன்பமும். அங்கே அளவே பேசுகிறது. அதனினும் உயரமான சிலை வேறெங்கு எழுந்தாலும் அந்த 133 தோற்காது.

பத்துமலைக்கு அழைத்துச் செல்லப்படும் பிள்ளைக்குப் படிகள் 272 என்று தெரியும். 2018இல் அப்படிகளுக்குப் பல வண்ணம் பூசப்பட்டதும், தேசிய பாரம்பரியத் துறை அனுமதி பற்றிக் கேள்வி எழுப்பியதும் அதற்குச் செய்தித்தாள் வழியாகத் தெரிந்திருக்கக்கூடும். முருகன் கையில் வேல் ஏன் என்று கேட்டால் விழிக்கும். அகன்று, நீண்டு, கூர்மை பெற்ற அவ்வேல் அறிவின் வடிவம் என்று பெரியோர் விளக்கியதை அதற்கு எவரும் சொல்லவில்லை. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கருவறையில் வேலே மூலவராய் விளங்குகிறது. கதிர்காமத்திலோ அடியார் காண்பது திரையை மட்டுமே. ஈழத்துச் சைவர் பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் சாலையில் கந்தசுவாமிக்குக் கோயில் எழுப்பியபோது இந்த மரபுகளை நெஞ்சில் சுமந்துதான் வந்தனர். ஒரு வேலுக்குள்ளும் ஒரு திரைக்குப் பின்னும் முழு முருகனைக் கண்ட இனத்துக்கு, அவனை மீட்டர்க் கோலால் அளந்துதான் காண வேண்டிய வறுமை ஏன் வந்தது?

ஆகமத்தின் பெயரால்

இனி, ‘ஆகமத்தில் இல்லை’ என்று ஆணையிடுவாரின் வாதத்தைக் காண்போர்க்கு ஓர் உண்மை விளங்கும். அவருட் பலர் ஆகமத்தைப் படித்தவர் அல்லர். படித்திருந்தால், அது உருவங்களைச் சுருக்கும் நூலன்று, விரிக்கும் நூல் என்பது தெரிந்திருக்கும். குமார தந்திரம் முருகனுக்கே பதினாறுக்குக் குறையாத வடிவங்களைக் கூறுகிறது. அவற்றுள் ஒன்றான கஜவாகனர் ஏறி வருவது மயிலன்று, யானை. சுவாமிமலையில் இன்றும் சந்நிதியின்முன் யானையே நிற்கிறது. அத்தகைய உருவம் ஒன்று இங்கே ஒரு பழைய கோயிலில் கிடைத்தால், ‘மயில் எங்கே?’ என்று கேட்டு யானையை உடைக்கும் குழுவினர் இல்லாமற் போகார்.

ஆகமம் சொன்ன உருவம் எல்லாம் நிலைத்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. மூத்ததேவியின் கதை அதற்குச் சான்று. பல்லவர் காலத்திலும் பாண்டியர் காலத்திலும் அவள் கோயில்களில் இடம்பெற்று வணங்கப்பட்டாள். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலிலும் திருப்பரங்குன்றத்துக் குடைவரையிலும் அவளைக் காணலாம். சரிந்த வயிறும், காக்கைக் கொடியும், எருதுமுக மகனும், அருகில் ஒரு மகளுமாக அமர்ந்திருக்கும் அவள் மூப்பின் தாய். வள்ளுவர் அவளைத் தவ்வை என்றார். தொண்டரடிப்பொடியாழ்வார் தம் காலத்தவர் சேட்டையிடம் செல்வம் வேண்டி நிற்பதைக் கடிந்தார். செல்வத்துக்கும் அவளையே நாடினர் என்பது அதனால் தெரிகிறது. சிற்ப நூல்கள் அவளுக்கு இலக்கணம் வகுத்திருந்தன. எனினும் என்ன ஆயிற்று? காலப்போக்கில் மக்கள் அவ்வுருவத்தைப் படிக்க மறந்தனர். பருத்த வயிறு அவர்களுக்கு அருவருப்பாயிற்று, காக்கை தீக்குறியாயிற்று. சந்நிதியிலிருந்து இறங்கிக் குளக்கரைக்கும் புதருக்கும் போனாள். இன்று ‘மூதேவி’ என்பது தெய்வத்தின் பெயரன்று. வாய்க்கு வந்த வசைச்சொல். ஓர் உருவத்தின் பொருளை மறந்த சமுதாயம் அதன் பெயரையும் இழிவாக்கிவிடும் என்பதற்கு இதனினும் கசப்பான பாடம் இல்லை.

தோட்டத்துத் தெய்வங்கள்

அந்தப் பாடத்தை மலேசியத் தமிழர் மறுமுறை கற்க வேண்டியதில்லை. ஆனால் மதுரை வீரனுக்கும் முனியாண்டிக்கும் பெரியாச்சிக்கும் இன்று நேர்வது மூத்ததேவிக்கு நேர்ந்ததன் தொடக்கமே.

கங்காணிமாரின் கைகாட்டலில் கப்பலேறி, பால்மரக் காட்டிலும் இரயில் பாதையிலும் உழைத்தவர்கள் கையோடு கொண்டுவந்தவை மிகச் சில. 1938இல் இந்திய அரசு தொழிலாளரை உதவியளித்து அனுப்புவதைத் தடுக்கும் வரை வந்தவர்களில் பெரும்பாலோர்க்கு ஏட்டுக் கல்வி இல்லை. நாட்குறிப்பு எழுதியவர் இல்லை. படம் எடுத்துக்கொண்டவரும் அரியர். அவர்கள் எழுதிவைத்த ஒரே வரலாறு, அவர்கள் நட்ட தெய்வங்களே. செங்கல்லும் சூலமும் நட்டு, மஞ்சள் பூசி, பின்னர்ச் சிறுகச் சிறுக உருவம் சமைத்து வணங்கிய அத்தெய்வங்கள், எழுதப்படிக்கத் தெரியாதவர் எழுதிய ஏடுகள்.

மதுரை வீரனின் உருவத்தைப் படித்துப் பாருங்கள். முறுக்கு மீசை, ஓங்கிய வாள், இருபுறமும் பொம்மியும் வெள்ளையம்மாளும். அரச குலத்தில் பிறந்தும் சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவன், மேற்குலத்துப் பெண்ணைக் காதலித்தவன், மதுரையைக் காத்தும் அதே மதுரையில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன் என்று கதை சொல்கிறது. சாதியின் பெயரால் ஊரில் மிதிக்கப்பட்டு இங்கே வந்து சேர்ந்த கூலித் தொழிலாளி, அவனைத் தன் குடியிருப்பின் எல்லையில் நிறுத்தியதற்குக் காரணம் வேண்டுமா? அந்த வாள் அநீதியைக் கேட்கும் வாள். அதைப் பிடுங்கிக்கொண்டு திரிசூலத்தைக் கொடுத்து, பெண்டிர் இருவரையும் அகற்றி, ‘வீரேசுவரர்’ என்று பெயரிட்டால் மிஞ்சுவது என்ன? ஒரு தெய்வம் உயர்த்தப்பட்டதாகக் குழுவினர் மகிழலாம். நசுக்கப்பட்டவன் சொன்ன சாட்சியம் அழிந்ததே உண்மை.

மாரியம்மன் கோயில்களில் ஒருபுறம் அமர்ந்திருக்கும் பெரியாச்சியைக் கண்டு முகம் சுளிப்பவர் உண்டு. மடியில் கிடத்தப்பட்ட பெண்ணின் வயிற்றைக் கிழித்து, காலடியில் அரசனை மிதித்து, கையில் குழந்தையை ஏந்தும் அவ்வுருவம் அச்சம் தருவதே. ஆனால் கருவுற்ற பெண்களையும் பிறந்த குழந்தையையும் காப்பவள் அவளே என்பது மரபு. மருத்துவ வசதி எட்டாத தோட்டத்து இலயத்தில், பிரசவம் என்பது சாவோடு போராடும் போராட்டமாக இருந்த காலத்தில், பெண்கள் கைதொழ அழகிய பதுமை ஒன்று போதுமா? மரணத்தையே மிரட்டக்கூடிய மருத்துவச்சி ஒருத்தி வேண்டியிருந்தாள். அந்த அச்சத்தின் அளவே அவ்வுருவத்தின் கொடுமை. அதை மென்மையாக்குவது பாட்டிமார் பட்ட பாட்டைப் பொய்யாக்குவதாகும்.

முனியாண்டி முனீஸ்வரராகி, முனீஸ்வரர் சிவபெருமானாகும் பயணமும் அத்தகையதே. சிங்கப்பூர் ஆய்வாளர் வினிதா சின்ஹா முனீஸ்வர வழிபாட்டைப் பற்றி 2005இல் ஒரு முழு நூலே எழுதியுள்ளார். வெளியார் ஆராய்ந்து நூல் எழுதத் தக்கதென மதிக்கும் உருவங்களை, வணங்குவோரே வெட்கத்துக்குரியவை என்று மாற்றுவது எத்தகைய முரண்!

இங்கே ஒரு மறுப்பு எழும். உயிர்ப்பலியும் சாராயப் படையலும் நீங்க வேண்டுமானால் அந்தப் பழைய உருவங்களும் நீங்கத்தானே வேண்டும் என்பர். 1929–30இல் பெரியார் மலாயா வந்து சென்றது முதலாகச் சீர்திருத்தச் சிந்தனையாளர் பலர் மூடப்பழக்கங்களைச் சாடியது நன்றே. அதனால் விளைந்த நன்மை பெரிது. ஆனால் வழிபாட்டு முறையைத் திருத்துவது வேறு. வழிபடுபொருளைத் திரிப்பது வேறு. படையலில் சுருட்டு வேண்டாமெனில் சுருட்டை நிறுத்தலாம். சுருட்டை நிறுத்துவதற்காக மீசையை மழிக்க வேண்டியதில்லை.

‘இறைவன் உருவமற்றவன், கையில் வாள் இருந்தாலென்ன, சூலம் இருந்தாலென்ன?’ என்று தத்துவம் பேசுவாரும் உளர். அருவம், உருவம், அருவுருவம் என்னும் மூன்றையும் சைவ சித்தாந்தம் ஏற்றது உண்மையே. அருவமானவன் அடியார்க்காக உருவம் கொண்டான் என்றால், அந்த உருவம் ஒரு வாக்கு. வாக்கை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம் என்பவரிடம் எவரேனும் கடன் பத்திரம் எழுதி வாங்குவரா?

செய்யத்தக்கது

குறை கூறி முடிப்பது எளிது. செய்யத்தக்கதைச் சொல்வதே கடமை. பால்மரத் தோட்டங்கள் இருந்த நிலத்தில் ஷா ஆலாமும் சுபாங் ஜெயாவும் எழுந்துவிட்டன. பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே தொழிலாளர் வாழ்ந்த குடியிருப்புகள் மறைந்து உயர்ந்த கட்டடங்கள் நிற்கின்றன. கோயில்கள் இடம் மாறுவதும் புதுப்பிக்கப்படுவதும் இனியும் நிகழும். எனவே காலம் தாழ்த்தலாகாது.

எந்தக் கோயிலிலும் திருப்பணி தொடங்கும் முன், அங்குள்ள ஒவ்வோர் உருவத்தையும் படமெடுத்து, அளந்து, ஆயுதம், வண்ணம், துணையுருவம் யாவற்றையும் ஏட்டில் பதிய வேண்டும். அவ்வுருவம் எத்தோட்டத்தில், எக்காலத்தில், யாரால் நடப்பட்டது என்பதை முதியோர் வாய்மொழியாகக் கேட்டு எழுத வேண்டும். அதற்கு நன்கொடை திரட்ட வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும் ஒவ்வொரு வீட்டிலும் உள்ள கைப்பேசியும் போதும். பழுதுபட்ட பழைய உருவத்துக்குப் பதில் புதியது வைக்க நேர்ந்தால், பழையதைக் குப்பைமேட்டுக்கு அனுப்பாமல் கோயிலிலேயே ஓரிடம் ஒதுக்கிக் காக்க வேண்டும். சிற்பியிடம் நாட்காட்டியை நீட்டாமல், அவர் கற்ற நூல் என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும். நூலில் இல்லாத காவல் தெய்வமாயின் பழைய உருவத்தையே அவர்முன் நூலாக வைக்க வேண்டும். ஒவ்வொரு சந்நிதியின் பக்கத்திலும் அவ்வுருவத்தின் பொருளைத் தமிழில் எழுதி வைக்க வேண்டும்.

தமிழ்ப்பள்ளிகளுக்கும் இதில் பங்குண்டு. நன்னெறிக் கல்வியும் காட்சிக்கலைக் கல்வியும் பாடத்திட்டத்தில் இருக்கின்றன. 1873இல் தோன்றி, இன்று கோலாலம்பூர் துன் எச்.எஸ். லீ சாலையில் நிற்கும் மகாமாரியம்மன் கோயிலின் ஐந்துநிலை இராசகோபுரம் 22.9 மீட்டர் உயரம். அதன் முன் நிற்கும் மாணவன் உயரத்தை மட்டும் எழுதிக்கொண்டு திரும்பாமல், ஒரே ஒரு சுதையுருவத்தையேனும் வரைந்து, அதன் கையில் இருப்பது என்ன, ஏன் என்று எழுதி வரட்டும். கிள்ளான் சுந்தரராசப் பெருமாள் கோயிலில் சங்கையும் சக்கரத்தையும் இனங்கண்டு வரட்டும். அதன்பின் தன் பாட்டி வணங்கிய தோட்டத்துக் கோயிலுக்குப் போய் அதே கேள்வியை அங்கும் கேட்கட்டும். பெருங்கோயிலுக்கு ஒரு கண்ணும் சிறுகோயிலுக்கு ஒரு கண்ணும் என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாகாது.

தொல்காப்பியம் நடுகல்லுக்குக் காட்சி முதல் வாழ்த்து வரை ஆறு நிலை கூறிற்று. கல்லைத் தேர்வதே முதல் நிலையாக அங்கே வைக்கப்பட்டது. செங்குட்டுவன் கண்ணகிக்காக இமயத்துக் கல்லைத் தேடிச் சென்றான் என்று சிலப்பதிகாரம் பாராட்டுகிறது. கல்லுக்கே அத்துணை மதிப்பளித்த மரபில் வந்தவர்கள், கல்லில் நிற்கும் மனிதனின் கதையை மதிப்பதற்குத் தயங்கலாமா?

திருப்பணிக் குழுவினரே, குடமுழுக்கு நாள் குறிக்கும் முன் ஒருமுறை எல்லைத் தெய்வத்தின் எதிரே நின்று பாருங்கள். அவன் கையிலிருக்கும் அரிவாள் துருப்பிடித்திருக்கலாம். மீசையின் கருமை மங்கியிருக்கலாம். துருவை நீக்குங்கள், கருமையைத் தீட்டுங்கள். அரிவாளை மட்டும் அரிவாளாகவே விடுங்கள். காடழித்து இந்நாட்டில் வாழ்வமைத்தவர்களின் கையெழுத்து அது. கையெழுத்தைத் திருத்துவதற்கு எவர்க்கும் உரிமை இல்லை.